துண்டாகும் மளிகைப் பட்டியல்: சிட்லபாக்கத்தில் கடைத்தேர்வு குறித்துச் சில விசாரணைகள்

1. கேள்வி

மளிகை எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும் என்ற கேள்விக்கு நம் ஊர்களில் இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு என்பது ஒன்று. தெருமுனை அண்ணாச்சி முகம் பார்த்துக் கொடுப்பார் என்பது மற்றொன்று. முதலாமவர் ரசீதை நீட்டுவார். இரண்டாமவர் பழைய நாட்களைப் பேசுவார். இரு தரப்பும் கேள்வி கேட்காமலே ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு வீட்டுக்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலுக்கு ஒரு கடை.

இந்த ஒப்புதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய சிட்லபாக்கத்தை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குள்ள வீடுகள் கடையைத் தேர்வதைவிடப் பட்டியலைப் பிரிக்கவே செய்கின்றன என்பது என் வாதம். எந்தப் பொருள் எந்தக் கடைக்குப் போகும் என்பதில் விலைக்குப் பங்கு உண்டு. ஆனால் வீட்டுக்குள் பணம் எந்த நாளில் எந்த அளவில் வருகிறது, வாங்கியதை யார் சுமக்கிறார்கள், அந்தப் பொருளை எந்த வரிவிதி ஆளுகிறது என்பவற்றைப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் கிடைப்பது அரைகுறைச் சித்திரமே.

அச்சில் உள்ள ஆய்வுகளையும் அரசு விதிகளையும் இப்பகுதியின் வணிக நடைமுறையோடு வைத்து வாசிப்பதே இங்கு பின்பற்றும் முறை. கணக்குக்காகத் தரப்படும் சில்லறை விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

2. இடம்

மேற்கே ரயில் பாதை, அதற்கப்பால் ஜி.எஸ்.டி. சாலை, வடக்கே குரோம்பேட்டையும் அஸ்தினாபுரமும், கிழக்கே செம்பாக்கம், தெற்கே சேலையூர். இவற்றுக்கு நடுவில் ஓர் ஏரியும் அதன் பெயரைச் சுமக்கும் குடியிருப்புகளும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம், 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடும் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளோடும் சேர்த்து மாநகராட்சியாக்கப்பட்டது. சென்னையின் வால் என்று சொல்லப்பட்ட பகுதி, ஆவணத்தில் தனி நகரமாயிற்று.

கடைத்தேர்வுக்கு இந்த நில அமைப்பு முக்கியம். பெரிய துணிக்கடைகளும் அவற்றின் மளிகைத் தளங்களும் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கின்றன. காய்கறிக்கும் பலசரக்குக்கும் பேர்போன சண்முகம் சாலைச் சந்தை மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சிட்லபாக்கத்துக்காரர் தண்டவாளத்தைக் கடந்தே போகவேண்டும். சில்லறை வணிக ஈர்ப்பைப் பற்றி அமெரிக்காவில் 1931இல் வில்லியம் ரைலி ஒரு விதி சொன்னார். 1960களில் டேவிட் ஹஃப் அதை நிகழ்தகவுச் சூத்திரமாகத் திருத்தினார். கடை பெரிதாக இருந்தால் ஈர்ப்பு கூடும், பயண நேரம் கூடினால் ஈர்ப்பு குறையும் என்பது அதன் சாரம். காரில் போகும் ஒருவருக்கு எழுதப்பட்ட சூத்திரம் இது. கையில் இரண்டு பைகளோடு சுரங்கப்பாதைப் படியிறங்கி ஏறும் அறுபத்தைந்து வயதுக்காரருக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. சூத்திரத்தில் அதற்கு இடம் இல்லை.

குடியிருப்போரும் ஒரே வகையினர் அல்லர். மத்திய அரசுப் பணியிலும் வங்கியிலும் இருந்து ஓய்வு பெற்று, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் ஒரு பக்கம். பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போய்வரும் இளம் தம்பதிகள் இன்னொரு பக்கம். 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள் என்று மற்றவர்கள். ஒரே தெருவில் ஒரே அண்ணாச்சி கடையில் இவர்கள் எல்லோரும் நிற்பார்கள். வாங்கும் பொருளும் வாங்கும் அளவும்தான் வேறு.

3. ஏற்கெனவே சொல்லப்பட்டவை

சென்னை இந்த விவாதத்துக்குப் புதியதல்ல. நாட்டின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளில் ஒன்றான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் இங்கே தொடங்கியது. நவீன சங்கிலிக் கடைகளின் முதல் அலையில் ஃபுட்வேர்ல்டு 1996இல் சென்னையில் கடை திறந்தது. அடுத்த ஆண்டு திருவான்மியூரில் சுபிக்ஷா பிறந்தது. குளிர்சாதனம் இல்லாத சிறிய கடை, எல்லாப் பொருளிலும் தள்ளுபடி, வீட்டுக்கு அருகிலேயே கிளை என்பது அதன் வழி. நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகிய சுபிக்ஷா 2009இல் பணப்புழக்கம் நின்று மூடப்பட்டது. மலிவு விலைக்கு ஆள் வராததால் அது விழவில்லை. விரிவாக்கத்துக்கு வாங்கிய கடனைத் தாங்கமுடியாமல் விழுந்தது. பேரங்காடி வந்தால் சிறுகடை சாகும் என்ற கணிப்பின்படி பார்த்தால், செத்தது தப்பான ஆள்.

அந்தக் கணிப்பைச் சோதித்த ஆய்வுகளில் 2008இல் வெளியான இக்ரியர் ஆய்வு நிறுவன அறிக்கை அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. பெரிய கடைகளின் அருகில் உள்ள சிறுகடைகளின் விற்பனையும் லாபமும் தொடக்கத்தில் குறைகின்றன, காலம் செல்லச் செல்ல அந்தப் பாதிப்பு தணிகிறது என்றது அது. ஆண்டுக்கு 4.2 விழுக்காடு சிறுகடைகள் மூடப்படுவதாகவும், பெரிய கடைகளின் போட்டியால் மூடப்படுபவை 1.7 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. இரண்டாவது எண்ணையே எல்லோரும் விவாதித்தார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட மீதிக்குக் கடைசிப் பகுதியில் வருகிறேன்.

பார்ட் மின்டன், தாமஸ் ரியர்டன் முதலியோர் 2010இல் தில்லியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, நவீனக் கடைகளில் அடிப்படை உணவுப் பொருள்களின் விலை பெரும்பாலும் பழைய கடைகளுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதாகச் சொன்னது. கவனமான ஆய்வு அது. ஆனால் பொருளுக்குப் பொருள் விலையை ஒப்பிடுவது ஒன்று, ஒரு வீட்டின் மாதச்செலவை ஒப்பிடுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அந்த ஆய்வாளர்கள் அல்லர், அதை மேற்கோள் காட்டியவர்கள்.

மறுபுறம் வணிகர் இயக்கத்தின் வாதம். பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு 2012 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது, தமிழக அரசு அதை ஏற்கவில்லை. வணிகர் சங்கங்கள் கடையடைப்பு நடத்தின. ஆண்டுதோறும் மே 5ஆம் நாளை வணிகர் தினமாகக் கடையடைத்து மாநாடு கூட்டும் அளவுக்கு இங்கே வணிகர் அமைப்புகளுக்கு வலு உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து வந்த நாடார் வணிகர்களின் உறவின்முறை என்னும் சமூகச் சங்கம், அதற்காகத் திரட்டும் மகமை நிதி, 1921இல் தூத்துக்குடியில் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்கும் நிதி நிறுவனம் ஆகியவை அந்த வலுவின் பின்னணி. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நூல் இந்த வரலாற்றைச் சொல்கிறது. இதை மனத்தில் வைத்தால், அண்ணாச்சி கடையை ஆதரவற்ற தனிமனிதரின் முயற்சியாகச் சித்திரிப்பது சரிப்படாது. அதுவும் ஒரு வலைப்பின்னல்தான். தலைமையகத்தில் கண்ணாடிக் கட்டடம் இல்லை, அவ்வளவே.

4. பட்டியல் பிரியும் விதம்: அரிசியை முன்வைத்து

மளிகை என்று ஒற்றைச் சொல்லில் நாம் அடக்குவது அரிசி, பருப்பு, எண்ணெய், பொடிச்சாமான், சோப்பு, காய், கீரை, பால் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சந்தைகளை. இவற்றில் அரிசியை மட்டும் விரித்துப் பார்த்தாலே போதும்.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதற்கு முன்பு 2017இலிருந்து பிராண்டுப் பெயர் கொண்டவற்றுக்கு மட்டுமே இந்த வரி. அறிவிப்பு வந்த சூட்டோடு ஆலைகள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கின. இன்றும் அரிசிக் கடைகளில் அந்த எண்ணைப் பார்க்கலாம். ஒரு கிலோ கூடுதலாகச் சேர்த்தால் வரி இல்லை. அதே மூட்டையைப் பிரித்து, கேட்ட அளவுக்கு நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை.

இதன் விளைவைக் கணக்காகவே போடலாம். கிலோ 60 ரூபாய் பொன்னி என்று வைத்துக்கொள்வோம். பேரங்காடியின் அடுக்கில் இருக்கும் 10 கிலோ முத்திரைப் பை 600 ரூபாய், வரி 30 ரூபாய். அண்ணாச்சி கடையில் நிறுத்து வாங்கும் 10 கிலோவுக்கு அந்த 30 ரூபாய் இல்லை. 26 கிலோ மூட்டைக்கும் இல்லை. மொத்தமாக எடுப்பதால் விலை இன்னும் கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். ஆக அரிசியைப் பொறுத்தவரை வரிவிதியே தராசுக்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறது. பேரங்காடி கொள்முதலில் மிச்சம்பிடித்து இதை ஈடுகட்டலாம், அல்லது அங்கேயும் தொட்டியில் கொட்டிச் சில்லறையாக விற்கலாம். பலவும் அப்படிச் செய்கின்றன. சொல்லவருவது இதுதான்: ஒரே அரிசியின் விலை, கடையின் பெருமையைவிட அது எந்த உருவத்தில் விற்கப்படுகிறது என்பதைச் சார்ந்திருக்கிறது.

மலிவு என்று தெரிந்தும் 26 கிலோ மூட்டையை எல்லோரும் வாங்கிவிடுவதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். யாராவது மாடிக்கு ஏற்றித்தர வேண்டும். வண்டு விழாமல் வைக்க இடம் வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதிக்குப் பணம் உண்டு, தோள் இல்லை. ஆகவே கடைப்பையன் மூட்டையை மேலே ஏற்றிவைக்கும் கடைக்குப் போகிறார்கள். அறையைப் பகிரும் தொழிலாளர்களுக்குத் தோள் உண்டு, இடமும் மொத்தப் பணமும் இல்லை. இரண்டிரண்டு கிலோவாக வாங்குகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ரேஷன் கடை இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரிக்கும் இலக்குமுறையை 1997இல் மத்திய அரசு கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி விலையில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி வேண்டாமென்று சர்க்கரை அட்டை வைத்திருப்பவரும் பருப்புக்கு வரிசையில் நிற்கத் தயங்குவதில்லை. வெளிச்சந்தையில் துவரை விலை நூற்றைத் தாண்டியிருக்கும் நாட்களில் இந்த ஒரு கிலோ நடுத்தர வீட்டுக்கும் சிறு தொகையல்ல. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறவைத்துவிட்டு, சோற்றுக்குப் பொன்னி வாங்கும் வீடுகள் எத்தனை என்று எந்தச் சந்தை ஆய்வும் கேட்பதில்லை. சில்லறை வணிகத்தில் நவீனம், மரபு என்று இரு கட்டம் போட்டு ஆராய்பவர்கள் கண்ணில் அரசு நடத்தும் இந்தக் கடை படுவதேயில்லை. தமிழ்நாட்டுச் சந்தையைத் தில்லி ஆய்வின் அச்சில் வார்க்கமுடியாமல் போவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

5. பொட்டலமும் கூறும்

சோப்பு, பற்பசை, பிஸ்கட், மசாலாப் பொடி போன்ற பொட்டலப் பொருள்களில் நிலைமை தலைகீழ். அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருப்பதால் உச்சவரம்பு எல்லாக் கடைக்கும் ஒன்று. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கமுடியும் என்பதுதான் போட்டி. நிறுவனத்திடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் சங்கிலிக் கடைக்கு இறங்க இடம் உண்டு. விநியோகஸ்தரின் வேன் வாரம் ஒருமுறை இறக்கிப்போகும் சரக்கை விற்கும் சிறுகடைக்கு அது குறைவு. கிராம், மில்லி, கிலோ, லிட்டர் என்ற அலகு ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் அச்சிடவேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகள் 2021இல் திருத்தப்பட்டபின் ஒப்பிடுவது எளிதாகியிருக்கிறது. படிப்பவர் வேண்டும்.

நாட்டின் நகர்ப்புற வீட்டுச் செலவில் உணவின் பங்கு 1999-2000இல் 48 விழுக்காடாக இருந்து 2022-23இல் 39 விழுக்காடாக இறங்கியது. இதைவிடக் கவனிக்கத்தக்கது அதன் உட்பிரிவு. அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியங்கள் 4 விழுக்காட்டுக்கும் கீழே சென்றுவிட, பானங்களும் பதப்படுத்திய உணவும் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. அதாவது அண்ணாச்சிக்குச் சாதகமான மூட்டைப் பொருள் சுருங்குகிறது. பேரங்காடிக்குச் சாதகமான பொட்டலப் பொருள் வளர்கிறது. சிறுகடைக்கு உண்மையான நெருக்கடி எதிர்த்தெருவில் திறந்த கடையைவிடச் சமையலறைக்குள் நடந்த இந்த மாற்றத்திலிருந்தே வருகிறது.

இங்கேயும் ஒரு விலக்கு. ஏழைகள் சிறிய அளவில் வாங்குவதால் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஷாம்பூ விஷயத்தில் பல நேரங்களில் அது பொய்த்துப்போகும். மில்லிக் கணக்கில் பார்த்தால் சாஷேயே புட்டியைவிட மலிவாக இருக்கும். கடலூர் சின்னி கிருஷ்ணனும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளும் வளர்த்தெடுத்த இந்தச் சாஷே வணிகம், சிறுகடையின் வாசலில் தொங்கும் சரங்களை நம்பியே வாழ்ந்தது.

காய்கறிக்கு வேறு விதி. 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிய மொத்தச் சந்தை, சிட்லபாக்கத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். விடியுமுன் அங்கே போய் எடுத்துவரும் சிறு வியாபாரிகள், பழமுதிர் நிலையங்கள், ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு வரும் குட்டியானை வண்டிகள், கூறுகட்டி விற்கும் பெண்கள் எல்லோரும் ஒரே ஊற்றில் மொள்கிறவர்கள். ஆகவே மொத்த விலை அநேகமாகப் பொது. வேறுபடுவது கழிவும் நேரமும். காலையில் பொறுக்கி எடுக்கும் உரிமைக்கு ஒரு விலை, சாயங்காலம் மிச்சத்தை அள்ளிக்கொள்வதற்கு ஒரு விலை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகளோடு சென்னையின் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. பட்டியலிலிருந்து ஒரே ஒரு பொருள் கழன்று வேறு வரிசைக்குப் போவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

6. கணக்கு நோட்டு

சிறுகடையின் கடன் நோட்டைப் பற்றி எழுதுபவர்கள் உருகுவார்கள். அதைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கணக்குப் பார்க்கலாம்.

மாதம் 6,000 ரூபாய்க்குச் சரக்கெடுத்து, கடைசியில் மொத்தமாகக் கட்டும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுக்கச் சீராக வாங்கினால் சராசரியாக நிற்கும் பாக்கி 3,000 ரூபாய். மாதத்துக்கு 2 விழுக்காடு வட்டி என்று போட்டால், அண்ணாச்சி தரும் கடனின் மதிப்பு 60 ரூபாய். அதே 6,000 ரூபாய்ச் சரக்கைப் பேரங்காடியில் 4 விழுக்காடு குறைவாக வாங்கினால் மிச்சம் 240 ரூபாய். வங்கியில் சேமிப்பு உள்ளவருக்கு இந்த நோட்டு லாபமில்லை. மாதச் சம்பளக்காரர்கள் பட்டியலின் பெரும்பகுதியை முதல் வாரத்தில் ஜி.எஸ்.டி. சாலைக்குக் கொண்டுபோவதன் காரணம் இதுதான். அவர்களுக்கு நன்றியுணர்வு இல்லை என்று அண்ணாச்சிகள் அங்கலாய்ப்பது நியாயமாகாது.

சேமிப்பே இல்லாத வீட்டில் இந்தக் கணக்கு பொருந்தாது. இருபதாம் தேதிக்குமேல் கையில் காசில்லாதபோது ஒப்பிடவேண்டியது 60 ரூபாயையும் 240 ரூபாயையும் அன்று. கடையில் எழுதிக்கொள்வதையும் அடகுக்கடைப் படியேறுவதையும். அங்கே நோட்டின் மதிப்பை வட்டிவிகிதத்தால் அளக்கமுடியாது. அமெரிக்காவில் டேவிட் காப்லோவிட்ஸ் 1963இல் வெளியிட்ட நூல், நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்கள் கடனுக்காகவே விலைகூடிய கடைகளில் சிக்குவதைக் காட்டியது. அவர் பார்த்தது தொலைக்காட்சி, மேசை, நாற்காலி போன்ற தவணைப் பொருள்களை. மளிகைக் கடன் அப்படி இறுகுவதில்லை, தொகை சிறிது, சுற்று ஒரு மாதம். ஆனால் பிடிமானம் இதிலும் உண்டு. பாக்கி வைத்திருப்பவர் பருப்பில் கல் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்வதில்லை.

கடன் எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. ஆரணிப் பகுதியின் வணிகத்தை எழுபதுகளிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் காட்டியதுபோல, நம் சந்தைகளில் சாதியும் பாலினமும் இடமும் யாருக்கு எந்த நிபந்தனையில் வணிகம் என்பதை ஒழுங்குபடுத்துகின்றன. சொந்தவீட்டுக்காரரின் பெயர் நோட்டில் சுலபமாக ஏறும். அவருக்கு அது தேவையே இல்லை. தேவையுள்ள வாடகைக்காரருக்கு விசாரணை உண்டு. இந்தி பேசும் இளைஞர்களுக்கு நோட்டே திறக்காது. அவர்களுக்காகக் கடுகெண்ணெயும் ஆட்டாவும் அடுக்கில் வந்துவிட்டன, கணக்கு மட்டும் ரொக்கம் அல்லது ஜிபே. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் இவர்களை உத்தேசித்தது. அண்ணாச்சியின் மனிதாபிமானம் பற்றிய பேச்சில் இந்த எல்லைக்கோட்டையும் சேர்த்தே வரையவேண்டும்.

7. வெள்ளமும் முடக்கமும்

சாதாரண நாட்களின் தேர்வைப் புரிந்துகொள்ள அசாதாரண நாட்கள் உதவும். 2015 டிசம்பர் 1ஆம் நாளின் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஏரிகள் நிரம்பித் தெருக்கள் ஓடையானபோது, நடந்து எட்டும் தூரத்துச் சரக்கு மட்டுமே சரக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவின் பால் வரத்து நின்று, பாக்கெட்டுக்கு அலைந்ததும் அச்சிட்ட விலைக்குமேல் கொடுத்ததும் தென்சென்னை மறக்கவில்லை. அந்தக் கூடுதல் விலையைக் கேட்டவர்களில் தெருக்கடைக்காரர்களும் இருந்தார்கள்.

கொரோனா பரவலின்போது, 2020 மே 5ஆம் நாள் கோயம்பேடு மூடப்பட்டது. அது வணிகர் தினம் என்பது தற்செயல். திருமழிசைக்கு மாற்றப்பட்ட காய்கறி மொத்த வணிகம் செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. மறு ஆண்டு மே 24 முதலான முழு ஊரடங்கில் மளிகைக் கடைகளும் அடைக்கப்பட்டு, மே 31 முதல் தொலைபேசியில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கிடைத்தது. பட்டியலை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பும் பழக்கம் பல தெருக்களில் அந்த நாட்களில் வேரூன்றியது. அரசின் ஓர் ஊரடங்கு ஆணை, எந்தப் பயிற்சி முகாமும் இல்லாமல் அண்ணாச்சி கடையைச் செல்பேசிக் கடையாக்கிவிட்டது.

பத்து நிமிட விநியோகச் செயலிகள் வந்தபோது, அவை நுழைந்த இடம் வெற்றிடம் அல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது இங்கே முன்பே இருந்தது. செயலிகள் புதிதாகக் கொடுத்தவை இரண்டு: நேரத்துக்கு உத்தரவாதம், கேள்வி கேட்காத முகம். வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு இரண்டாவதும் முக்கியம். சானிடரி நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் கடையில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க நிற்கவேண்டியதில்லை. கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும் என்பதை நன்மையாக மட்டுமே எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மறுபக்கம், சுமப்பவர் மறைந்துவிடவில்லை. சுமை கடைப்பையனின் தோளிலிருந்து, தூரத்துக்கும் ஆர்டருக்கும் கூலி எண்ணும் விநியோக இளைஞரின் முதுகுக்கு மாறியிருக்கிறது.

8. மீதிக் கணக்கு

இக்ரியர் அறிக்கையின் இடைவெளிக்குத் திரும்பலாம். ஆண்டுக்கு 4.2 விழுக்காடு கடைகள் மூடப்பட, போட்டியால் மூடப்பட்டவை 1.7 விழுக்காடு என்றால், பாதிக்கு மேற்பட்டவை வேறு காரணங்களால் மூடப்பட்டன. அந்த ஆய்வு பல நகரங்களைச் சேர்த்துப் பார்த்தது, காலமும் கடந்துவிட்டது. அந்த எண்களை இன்றைய சிட்லபாக்கத்துக்கு அப்படியே ஒட்டுவது தவறு. ஆனால் அது காட்டும் திசை இங்கே பொருந்துகிறது என்று கருதக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று வாரிசு. காலை ஐந்தரைக்குப் பால் இறக்கி, இரவு பத்தரைக்கு ஷட்டர் இழுக்கும் தொழிலுக்கு, பொறியியல் படித்த மகன் வருவதில்லை. ஊரிலிருந்து உறவுப் பையன்களை அழைத்துவந்து கடையில் தங்கவைத்துத் தொழில் கற்றுக்கொடுத்த ஏற்பாடும் தளர்ந்துவிட்டது. மகனை அதிலிருந்து மீட்கத்தான் பலரும் கடையே நடத்தினார்கள் என்பதால் இதைச் சரிவு என்று சொல்வதா, நிறைவேறிய திட்டம் என்று சொல்வதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இன்னொன்று மனை. எண்பதுகளில் கட்டிய தனிவீட்டின் முன்னறையிலோ சுற்றுச்சுவரை உடைத்துப் போட்ட தகரக் கொட்டகையிலோதான் இங்குள்ள தெருக்கடைகள் பல இருந்தன. அந்த வீடுகள் இப்போது கூட்டுக் கட்டுமான ஒப்பந்தத்தில் இடிக்கப்பட்டு அடுக்ககமாகின்றன. அடுக்ககத்தின் தரைத்தளம் தூண்களுக்கிடையில் கார் நிறுத்துமிடம். எட்டு வீடுகள் எழும் இடத்தில் வாடிக்கையாளர் எட்டு மடங்காகிறார்கள், அவர்களுக்கு விற்கக் கடைக்கு இடம் இல்லாமல் போகிறது. கடை அடுத்த தெருவில் கூடுதல் முன்பணம் கொடுத்து இடம் பிடிக்க வேண்டும், அல்லது மூட வேண்டும். தெருமுகப்பு தேவைப்படாத விநியோகக் கிடங்கோ எங்கோ ஒரு பின்சாலையில் இருந்துகொண்டு இந்த அடுக்ககத்துக்கு வண்டி அனுப்பும். சிட்லபாக்கத்தின் கடைத்தேர்வை இனி ஆராய வருபவர் விலைப் பட்டியல்களோடு, கடந்த பத்தாண்டுகளில் இப்பகுதியில் கொடுக்கப்பட்ட கட்டட அனுமதிகளின் தரைத்தள வரைபடங்களையும் வாங்கிப் பார்க்கவேண்டியிருக்கும்.